பள்ளி ஒலிபெருக்கியும் காது மெஷினும்

காது மெஷின் என்றால் சத்தத்தைக் கூட்டித் தரும் ஒரு சாமான். அதைப் போட்டுப் பழகினால் இருக்கிற செவியும் போய்விடும். ஒரு காதுக்கு இருந்தால் போதும். அது வாய் பேசாத பிள்ளைகளுக்கும் படுக்கையில் விழுந்த வயசாளிகளுக்கும் உரியது. கூவென்று கத்தும், கடைசியில் அலுமாரிக்குள்தான் கிடக்கும். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை இறங்கும் கரையோர ஊர்களில் இந்த அபிப்பிராயங்களைப் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் கேட்கலாம். சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள் இவற்றை மூடநம்பிக்கை என்ற தலைப்பின் கீழ் அடுக்கி, பக்கத்திலேயே 'உண்மை' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகின்றன. அப்படி முடித்துவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் இருந்த ஏதோ ஒரு கருவியைப் பற்றிய சரியான அவதானங்கள். கருவி பல தலைமுறை மாறிவிட்டது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் பழைய தலைமுறையிலேயே நிற்கிறது. ஆகவே மக்களைத் திருத்துவதற்கு முன் கருவியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் அந்த வரலாறு வைத்தியசாலைக்குள் தொடங்கவில்லை, பள்ளிவாசல் மினாராவில் தொடங்கியது.

மினாராவுக்கு வருமுன் கருவியின் பிறப்பைப் பார்த்துவிடலாம். மின்சாரத்துக்கு முந்திய கருவி கொம்பு. வாய் அகன்று நுனி ஒடுங்கிய குழாய் ஒன்றைக் காதில் வைத்தால் அதிக பரப்பில் படும் ஒலி ஒரே இடத்தில் சேரும். லண்டனில் 1800ஆம் ஆண்டு தொடங்கிய ரெய்ன் கம்பனி இந்தக் கொம்புகளை ஒரு பெரிய வியாபாரமாகவே நடத்தியது. 1819இல் போர்த்துக்கல் மன்னர் ஆறாம் ஜோவானுக்கு அது செய்துகொடுத்த சிம்மாசனத்தின் கைகள் இரண்டும் வாய் பிளந்த சிங்கத் தலைகளாக முடிந்தன. குடிமக்கள் மண்டியிட்டு அந்த வாய்க்குள் பேச, குரல் குழாய் வழியே மன்னரின் காதருகே வரும். அதே காலத்தில் விசிறிக்குள்ளும் தலைப்பட்டிக்குள்ளும் ஒளித்துவைத்த கொம்புகள் விற்பனையாயின. கேளாமையை மறைக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு எந்த மதமும் எந்த ஊரும் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1898இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் டெலிபோனின் கரி ஒலிவாங்கியைக் கொண்டு முதல் மின் கருவியை உருவாக்கினார். பிரித்தானிய அரசி அலெக்சாண்ட்ரா 1902இல் கணவரின் முடிசூட்டு விழாவில் அவருடைய கருவியைப் பயன்படுத்தியது பெரிய விளம்பரமாயிற்று. ஆனால் கரிக் கருவி பேச்சின் நடுப்பகுதியில் ஒரு குறுகிய பட்டையை மட்டுமே கடத்தியது. கரகரப்பு அதன் பிறவிக் குணம். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

அம்பாறைக் கரையின் பொதுமக்களுக்குப் பெருக்கிய ஒலியைப் பழக்கியது ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்கும் காதுக் கருவிக்கும் உடற்கூறு ஒன்றே. ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிவாய் என்ற மூன்று உறுப்புகள்தான் இரண்டிலும் உண்டு. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936இல் ஒலிபெருக்கி வந்தபோது அது தென்கிழக்காசிய முஸ்லிம்களிடையே ஒரு செய்தியாக இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் உலமாக்கள் அதைப் பற்றி நீண்ட காலம் விவாதித்தார்கள். இமாமின் குரல் ஒலிபெருக்கி வழியாக வரும்போது அது அவருடைய அசல் குரலா, குரலைப் போன்ற வேறொன்றா? வேறொன்று என்றால் அதைக் கேட்டு ருகூவுக்கும் சுஜூதுக்கும் போகிறவரின் தொழுகை கூடுமா? அந்த உலமாக்களில் ஒருவரான அஷ்ரப் அலி தானவி தயக்கம் காட்டினார். விஞ்ஞானம் கற்பித்தவர்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. முப்தி முஹம்மத் ஷபீ நவீன சாதனங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி, தொடக்கத்தில் இருந்த கடுமையைப் பிறகு தளர்த்தினார். இன்று இதை வாசிக்கிற சிலர் சிரிக்கக்கூடும். எனக்கு அது அக்காலத்தின் மிகக் கூர்மையான ஒலியியல் கேள்வியாகத் தெரிகிறது. கருவி எதைக் கடத்துகிறது, எதை மாற்றுகிறது என்று அவர்கள் கேட்டார்கள். பிற்காலத்தில் ஒலிபெருக்கி ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து, பாங்குக்கும் ஜனாஸா அறிவித்தலுக்கும் இன்றியமையாததான பிறகு அந்தக் கேள்வி மறைந்து, எவ்வளவு சத்தம் என்பது மட்டும் மிஞ்சியது. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் ஒலிபெருக்கிகளுக்கு இரவுக் கட்டுப்பாடு விதித்தபோதும் பெரும்பாலும் பேசப்பட்டவை சத்தத்தின் அளவும் நேரமும்தான். பெருக்குவது என்றால் கூட்டுவது என்ற பாடத்தை இப்படித்தான் ஊர் கற்றது. காதுக் கருவியையும் அந்தப் பாடத்தைக் கொண்டே அளந்தது.

இரண்டாவது ஆசிரியர் ட்ரான்சிஸ்டர் ரேடியோ. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. பொதுமக்கள் கடையில் வாங்கக்கூடிய சாமானாக அது முதலில் நுழைந்த இடம் காதுக் கருவிதான். சோனோடோன் 1010 என்ற மாதிரி 1952 கடைசியில் விற்பனைக்கு வந்தது. முதல் ட்ரான்சிஸ்டர் ரேடியோ அதற்குப் பிறகு, 1954இல் வந்தது. காது கேளாதோருக்குக் கற்பித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் ஞாபகமாக, காதுக் கருவி செய்பவர்களிடம் ட்ரான்சிஸ்டருக்கு உரிமைப்பணம் வாங்குவதில்லை என்று பெல் நிறுவனம் முடிவெடுத்தது. எங்கள் கரையில் வரிசை தலைகீழ். ரேடியோதான் முதலில் கைக்கு வந்தது. அதன் பெற்றரியும், திருகும் சத்தக் குமிழும், இரைச்சலும் வீட்டுக்கு வீடு தெரிந்தவை. பிறகு யாராவது ஒருவர் சட்டைப் பையில் பெட்டியும் காதில் வயருமாக வந்தால், ரேடியோவின் தம்பி என்றே அதை விளங்கிக்கொண்டார்கள். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை அவர்கள் விளங்கியதில் பிழை குறைவு. ஒலிவாங்கி நெஞ்சில் இருந்ததால் சட்டை உரசும் சத்தம் பேச்சைவிடப் பெரிதாகக் கேட்டது. காதுக்குள் வைக்கும் அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் ஒலி வெளியே கசிந்து மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து கூவென்று கத்தியது. பெரும்பாலும் ஒரு வயர் ஒரு காதுக்குத்தான் போனது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 முதல் இலவசமாகக் கொடுத்த மெட்ரெஸ்கோ கருவியும் பெட்டி வகைதான். காதின் பின்னால் தொங்கும் கருவிகள் 1950களின் நடுவிலேயே மேற்கில் வந்துவிட்டன. என்றாலும் ஏழை நாடுகளில் பெட்டியின் ஆட்சி அரை நூற்றாண்டு நீடித்தது. இந்திய அரசு 1981இல் தொடங்கிய உதவிக்கருவித் திட்டத்தில் கூட நெடுங்காலம் பெட்டிகளே அதிகம் வழங்கப்பட்டன.

அந்தப் பெட்டியை யார் அணிந்திருந்தார்கள் என்பதும் முக்கியம். மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண் 1912இல் தொடங்கிய இரத்மலானை செவிப்புலனற்றோர் பாடசாலையும், யாழ்ப்பாணம் கைதடியில் 1956இல் தொடங்கிய நவீல்ட் பாடசாலையும் இந்நாட்டில் கேளாமையின் பொது அடையாளங்களாக நின்றன. கருவி என்றால் பாடசாலைப் பிள்ளை, பிள்ளை என்றால் பேச்சு வராதது என்று ஒரு சங்கிலி உருவானது. நாற்பது வயதில் மெல்ல மெல்லக் கேள்வி குறையும் ஒரு கடைக்காரர் தன்னை அந்தச் சங்கிலியில் காண மறுத்ததில் ஆச்சரியமில்லை. உண்மையில் கருவி தேவைப்படுவோரில் மிகப் பெரும்பான்மையினர் அவரைப் போன்றவர்களே. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவிப்புலன் குறைவு உண்டு என்கிறது. கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் 17 சதவீதத்தினர் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்கிறது.

இனி, சத்தத்தைக் கூட்டினால் ஏன் போதாது என்ற மையக் கேள்விக்கு வரலாம். கேள்வி குறைந்தவர்கள் தங்கள் நிலையைச் சொல்லும் வாசகத்திலேயே அதற்கு விடை இருக்கிறது: 'கேக்குது, ஆனா வெளங்குதில்ல.' உட்செவியின் நத்தைச் சுருளில் ஒலியை நரம்புக்கு மாற்றும் உள்வரிசை மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 3500தான், அவற்றுக்குத் துணைசெய்யும் வெளிவரிசைக் கலங்கள் சுமார் 12,000. இறந்தால் இவை மீண்டும் முளைப்பதில்லை. வயதாலும் இரைச்சலாலும் முதலில் அழிவது சுருளின் வாசலில் உள்ள, உயர் அதிர்வெண்களுக்குரிய கலங்கள். உயிரெழுத்துகளின் பலம் தாழ் அதிர்வெண்களில் கிடக்கிறது, சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வல்லின மெய்களின் அடையாளம் உயரத்தில் இருக்கிறது. ஆகவே பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். பள்ளி ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போவது நன்றாகக் கேட்கும், மௌத்தானது சாலிஹாவா காலிதாவா என்பது பிடிபடாது. குர்ஆன் ஓதலைக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்துக்கு இதில் தனியான இழப்பு இருக்கிறது. ஸீன், ஸாத் முதலிய உரசொலிகளின் பெரும்பகுதி 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய டெலிபோன் கம்பி 3400 வரைதான் கடத்தியது, கரிக் கருவி அதற்கும் கீழே நின்றுவிட்டது. சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊரான காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்பித்துப் பின் துறவியான சுவாமி விபுலாநந்தர், தமிழிசையின் சுருதிகளை எண் விகிதங்களாகக் கணக்கிட்ட யாழ்நூலை 1947 ஜூனில், ட்ரான்சிஸ்டர் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்னர், அரங்கேற்றினார். ஒலியை உரப்பால் மட்டும் அளக்கக் கூடாது, அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற அறிவு இந்தக் கரைக்கு அந்நியமானதல்ல. அது வீணைக்கும் யாழுக்கும் பயன்பட்டது, காதுக்குப் பயன்பட வரவில்லை.

இரைச்சலால் வரும் கேளாமைக்கும் இங்கே ஒரு தொழில் வரலாறு உண்டு. மருதமுனை கைத்தறி ஊர். ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் சணல் நெசவுப் பெண்களைப் பற்றி டெய்லரும் அவரது சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, தறிக்கூடத்தில் கழிந்த வருடங்கள் கூடக் கூடச் செவிப்புலன் எவ்விதம் குறைகிறது என்பதை எண்களில் காட்டியது. அவை விசைத்தறிகள், கைத்தறியின் சத்தம் அதைவிடக் குறைவு. எனவே டண்டியின் எண்களை அப்படியே மருதமுனைக்கு ஏற்றிவிடக் கூடாது. ஆயினும் அடைத்த கொட்டிலில் பல தறிகள் சேர்ந்து அடிக்கும் இடம், ஆழ்கடல் வள்ளத்தின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது, அரிசி ஆலை, யுத்த காலத்தின் வெடிகள் ஆகியவை எல்லாம் வயதுக்கு முந்தியே உயர் அதிர்வெண்களைத் தின்னக் கூடியவை. கேளாமை முதுமையின் நோய் என்ற எண்ணம் உழைக்கும் ஊர்களில் எங்குமே முழு உண்மையாக இருந்ததில்லை.

சேதமான உட்செவிக்கு இன்னொரு வினோதம் உண்டு. மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் கொஞ்சம் கூட்டினால் திடீரென்று தாங்க முடியாமல் போகும். 1930களில் எட்மண்ட் ஃபௌலர் இதை விவரித்தார். மெதுவாகச் சொன்னால் 'என்ன?' என்று கேட்டு, உரக்கச் சொன்னால் 'ஏன் கத்துறாய்?' என்று ஏசும் வாப்பாவின் குணக்கேடு என்று வீடுகளில் நினைக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். எல்லா ஒலியையும் ஒரே அளவு பெருக்கும் பெட்டி இவருக்கு வேதனையைத்தான் கொடுத்தது. அவர் அதைக் கழற்றி வைத்தது பிடிவாதம் அல்ல. இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியவர் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர். வீட்டு ஒலிபெருக்கியின் அமைப்பையே 1954இல் மாற்றிய அவர், தன் கம்பனியை விற்றுவிட்டுக் காதுக் கருவி ஆராய்ச்சிக்கு வந்தார். ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்க வேண்டும் என்று 1973இல் அவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதற்குக் காப்புரிமை கூட எடுக்கவில்லை. காதுக் கருவி ஒலிபெருக்கியாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல ஓர் ஒலிபெருக்கிக்காரரே வரவேண்டியிருந்தது. 1989இல் அந்தக் கொள்கையுடைய கருவி சந்தைக்கு வந்தது. 1995, 96 வாக்கில் முழு டிஜிட்டல் கருவிகளும் வந்தன. அதன் பிறகு கருவி என்பது ஒருவருடைய செவிப்புலன் வரைபடத்துக்கு ஏற்றபடி கணினியில் அமைத்துக் கொடுக்கப்படும் ஒன்று. கூவென்று கத்துவதையும் அதுவே கண்டுபிடித்துப் பெரும்பாலும் அடக்கிவிடும். ஒருவருக்கு அமைத்ததை அவர் மௌத்தானபின் அவருடைய தம்பிக்குக் கொடுத்தால் சரியாகாது. பெட்டியின் காலத்தில் அப்படிக் கைமாற்றுவது அவ்வளவு பிழையில்லை.

போட்டால் இருக்கிற செவியும் போய்விடும் என்ற பயத்தையும் இதே தராசில் நிறுக்கலாம். 1950களிலும் 60களிலும் மிகையான வலுவுள்ள கருவி அணிந்த சில சிறுவர்களின் கேள்வி மேலும் குறைந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. அந்தப் பயத்துக்கு அத்தாட்சி இல்லாமலில்லை. உச்ச ஒலிக்கு எல்லை வைத்துப் பெருக்கும் இன்றைய கருவியைச் சரியாக அமைத்தால் அந்த ஆபத்து அநேகமாக இல்லை. எதிர்ப்பக்கத்து ஆபத்துதான் இன்று பெரிதாகத் தெரிகிறது. சில்மன், கெல்ஃபண்ட், சில்வர்மன் ஆகிய மூவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு காதும் குறைந்திருந்தும் ஒரு காதுக்கு மட்டும் கருவி அணிந்தவர்களின் மற்றக் காது, சொற்களைப் பிரித்தறியும் திறனை வருடங்கள் போகப் போக இழந்திருந்தது. இரு காதுக்கும் அணிந்தவர்களில் அப்படி நடக்கவில்லை. ஒன்று போதும் என்ற எண்ணமும், நல்லா மோசமாகட்டும் அப்போது பார்ப்போம் என்ற எண்ணமும் இங்கே ஒருசேர அடிபடுகின்றன. 'பழகிவிட்டால் அது இல்லாமல் இருக்க ஏலாது' என்று சொல்வோரும் உண்டு. கழற்றியதும் முன்பைவிட மோசமாகத் தெரிவது உண்மை. தெளிவாகக் கேட்டுப் பழகிய மூளை மங்கலை இப்போது மங்கல் என்று அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். செவி அதனால் தேயவில்லை.

கருவி வேண்டாம், மருந்தால் சுகமாகும் என்ற நம்பிக்கையின் வேர் இவற்றைவிட ஆழமானது. இப்னு ஸீனாவின் கானூன் மூன்றாம் பாகம் செவி நோய்களை விரிவாகப் பேசுகிறது. அந்த மரபில் வந்த யூனானி ஹகீம்களும் நாட்டு வைத்தியப் பரிகாரிகளும் காதுக்கு எண்ணெய் விட்டார்கள். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இன்றும் கைவைத்தியமாக இருக்கிறது. காதுக் குறும்பி அடைத்ததால் கேள்வி மங்கியவருக்கு எண்ணெய் குறும்பியை இளக்கி உண்மையிலேயே பயன் தந்திருக்கும். அந்த ஒருவரின் கதை ஊரெல்லாம் பரவியிருக்கும். மயிர்க்கலம் அழிந்தவருக்கு அது எதுவும் செய்யாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதலும் செய்யும். 1956இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் ஷே நடுச்செவி எலும்பை அகற்றிச் செயற்கை எலும்பு பொருத்திக் காட்டிய பிறகு, 'ஒப்பரேஷன் செய்தால் சரியாகும்' என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அதுவும் ஒரு வகைக் கேளாமைக்குப் பொருந்தும் உண்மைதான், உட்செவிச் சேதத்துக்கு அந்தச் சத்திரசிகிச்சை பொருந்தாது. காது வைத்தியம் என்றதும் நோன்பும் நினைவுக்கு வரும். காதில் மருந்து விட்டால் நோன்பு முறியுமா என்ற கேள்விக்குப் பழைய ஷாபிஈ நூல்கள் கடுமையான பதில் தந்திருந்தன. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் ஜித்தாவில் கூடி, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை முறியாது என்று தீர்மானித்தது. உடற்கூற்று அறிவு முன்னேறியபோது சட்டமும் தன் முடிவை மறுபடி பார்த்திருக்கிறது.

இவ்வளவும் சரி, உண்மையான தடை காசு என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்பு. கருவி பெரும்பாலும் இறக்குமதி. இரண்டு காதுக்கும் வாங்கப் போனால் ஒரு மீனவக் குடும்பத்தின் பல மாத உழைப்பு போய்விடும். இதை மறுப்பவர் சந்தைக்குப் போகாதவர். ஆனால் காசு மட்டுமே தடை என்றால் இலவசமாகக் கொடுத்த நாடுகளில் எல்லோரும் அணிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 1948 முதல் இலவசம். அங்கேயும் தேவைப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் கேட்டு வரவில்லை, வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்கள். காசும் அபிப்பிராயமும் தனித்தனியாக வேலை செய்யவில்லை. பயன் இல்லை என்று முன்கூட்டியே முடிவான சாமானுக்கு யாரும் காசு சேர்ப்பதில்லை. சேர்க்காததால் மலிவானதை வாங்குகிறார்கள். மலிவு ஒலிபெருக்கிச் சில்லுகள் இணையத்தில் காதுக் கருவி என்ற பெயரில் விற்கப்படுகின்றன. சோதனையும் இல்லை, அமைப்பும் இல்லை, எல்லா ஒலியையும் ஒரே அடியாய்க் கூட்டும். வடிவம் புதிது, உள்ளே இருப்பது பெட்டியின் புத்தி. வாங்கியவர் நான்கு நாளில் கழற்றிவிட்டு 'நான் அப்பவே சொன்னேன்' என்கிறார். பழைய அபிப்பிராயங்கள் சாகாமல் இருப்பதற்குப் பழைய கருவி இன்னும் விற்பனையில் இருப்பது ஒரு காரணம்.

வெட்கத்தைக் காரணம் காட்டுவோருக்கும் பதில் சொல்ல வேண்டும். பெண்ணுக்குக் காதில் மெஷின் என்றால் கலியாணம் தடைப்படும் என்ற பயம் கற்பனை அல்ல. சீதனமும் வீடும் பேசப்படும் இடத்தில் பெண்ணின் ஒவ்வொரு குறையும் கணக்கில் வரும். ஆனால் முக்காடு போடும் பெண்ணுக்குக் கருவியை மறைப்பதில் பிரச்சினையே இல்லை. ரெய்ன் கம்பனி விசிறிக்குள் ஒளிக்கப் பட்ட பாடு அவளுக்கு வேண்டாம். மெல்லிய துணி ஒலியை அதிகம் தடுப்பதில்லை, ஒலிவாங்கியில் துணி உரசுவதுதான் தொந்தரவு, அதுவும் கட்டும் விதத்தில் குறையும். தொப்பி போட்ட ஆணின் காது வெளியே தெரிகிறது. மறைப்பு வசதி இல்லாத அவரே வெட்கத்தின் பெயரால் அதிகம் மறுப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கரையின் குடும்ப அமைப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தாய்வழிக் குடி முறையில் மகள்மார் பிறந்த இடத்திலேயே வீடு பெற்று, மருமக்கள் அங்கே வந்து சேர்வதால், வயதான உம்மாவும் வாப்பாவும் பெரும்பாலும் மகளுடன் அல்லது மகளின் பக்கத்து வளவில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் மகள் உரத்த குரலில் மீண்டும் சொல்லிவிடுகிறாள். இந்தப் பாசம் கேளாமையை வருடக்கணக்கில் மறைத்துவைக்கிறது. தனித்து வாழும் முதியவருக்கு விரைவில் வெளிப்படும் குறை, கூட்டாக வாழும் வீட்டில் வருடங்கள் கழித்தே வெளிப்படும். அதற்குள் சொற்களைப் பிரிக்கும் திறன் குறைந்துவிடலாம். மருமகனோடு கதை இல்லை, பள்ளியில் கூட்டாளிகளோடு கதை இல்லை என்று வாப்பா ஒதுங்குவதை வயசின் அமைதி என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்.

உப்புக் காற்றில் மெஷின் நிலைக்காது என்பது பெட்டியின் காலத்து அனுபவம். வியர்வையும் ஈரமும் இன்றும் எதிரிகளே. ஆனால் தூசியும் நீரும் புகாத உறையுடன் கருவிகள் வருகின்றன, இரவில் ஈரமுறிஞ்சி வைத்த டப்பாவில் போட்டுவைத்தால் போதும். ஐந்து நேரமும் வுழூவுக்குக் கழற்றி மாட்ட ஏலாது என்பது இதைவிட நியாயமான முறைப்பாடு. காதைத் தடவுவது ஷாபிஈ மத்ஹபில் சுன்னத். கழற்றி, தடவி, துடைத்து, மாட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும் என்றாலும் நடுங்கும் விரல்களுக்கு அது லேசான வேலையல்ல. இப்படியான ஒருவருக்கு மிகச் சிறிய, காதுக்குள் ஒளியும் மாதிரியைவிடக் காதின் பின்னால் தொங்கும் பெரிய மாதிரியே உகந்தது. விற்பவர் சொல்லும் 'சின்னது நல்லது' என்ற வாக்கும் ஒரு தவறான எண்ணம்தான், அதை மக்கள் உண்டாக்கவில்லை.

பள்ளிக்குள்ளேயும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஓடு பதித்த தரையும் கண்ணாடியும் உயர்ந்த கூரையும் எதிரொலியைப் பெருக்குகின்றன. குத்பா விளங்கவில்லை என்று வயசாளிகள் சொன்னால் நிர்வாகம் சத்தத்தைக் கூட்டுகிறது, எதிரொலியும் கூடுகிறது, விளக்கம் மேலும் குறைகிறது. காதுக் கருவிகள் பலவற்றில் ஒரு சிறு கம்பிச்சுருள் உண்டு. தரையைச் சுற்றி ஒரு கம்பிவளையம் போட்டு ஒலிவாங்கியோடு இணைத்துவிட்டால், கதீபின் குரல் காற்றில் வராமல் காந்தப் புலமாக நேரே கருவிக்குள் வரும். ஐரோப்பாவில் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இதைப் பயன்படுத்துகின்றன. இதற்கான செலவு ஒரு புது ஒலிபெருக்கித் தொகுதியின் செலவை மிஞ்ச வேண்டியதில்லை. கருவியைக் கொடுப்பதோடு சேவை முடிந்துவிடாது, அளந்து பொருத்துவதும், காதச்சு செய்வதும், பின்தொடர்ந்து திருத்துவதும் அதன் பகுதிகள் என்று உலக சுகாதார நிறுவனம் வளர்முக நாடுகளுக்கான தன் வழிகாட்டலில் 2001இலும் 2004இலும் எழுதியது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவபீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கிருந்து வெளிவருவோரில் தமிழில் வேலை செய்பவர்கள் இந்தக் கரையின் வைத்தியசாலைகளில் எத்தனை இடங்களில் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, முதல் மூன்று மாதம் வந்து வந்து திருத்திக்கொள்ள ஒரு வாசல் இருக்கும். காதுக்குப் புதிதாக வரும் தண்ணீர்க் குழாயின் சத்தமும் விசிறியின் சத்தமும் சொந்தச் செருப்பின் சத்தமும் அடங்கி, மூளை பேச்சைத் தேர்ந்தெடுக்கப் பழகுவதற்கு வாரங்கள் எடுக்கும் என்பதை, கருவியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே, அணிபவரிடமும் கூட வந்த மகளிடமும் சொல்ல ஆள் வேண்டும்.